என் வீட்டுக்காரர் பதித்த கம்மோடு

என் வீட்டுக்காரர் பல்ப் மாற்றினால் ஹோல்டரும் சேர்ந்து கையோடு வரும். அப்பேர்ப்பட்ட மனிதர், பழைய டாய்லெட்டைப் பெயர்த்துவிட்டுப் புது கம்மோடு ஒன்றைத் தன் கையாலேயே பதிக்கப்போவதாக அறிவித்தபோது நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

கம்மோடு என் அம்மாவுக்கு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். இனி குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே டாய்லெட், அதுவும் குத்தவைக்கிற வகை. அதை மாற்றிவிட்டால் அம்மா என்னோடு இருப்பாள். இல்லாவிட்டால் அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு, ஏழு மணி நேரம் தள்ளியிருக்கிற அவன் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே அண்ணிக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது.

பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் ஆகும் சார்" என்றார்.

"ரெண்டு நாளா? என்ன, அணையா கட்டப்போற?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் இவர். பிறகு போனில் பதினோரு வீடியோ பார்த்தார். தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

சனிக்கிழமை முழுக்க உளியும் சுத்தியலும்தான். அவசரத்துக்கு மேல்வீட்டுக்குப் போய்வந்தோம். ஒவ்வொரு தடவையும் மேல்வீட்டுக்காரி என்னை 'ஐயோ பாவம்' என்று பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். வருஷக்கணக்காக உரசித் தரையில் வளைவாக ஒரு தடம் விழுந்திருந்தது. பழைய டாய்லெட் தரையோடு தரையாக இருந்ததால் கதவு அதன் மேலேயே போய்வந்தது. புது கம்மோடு முழங்கால் உயரம். அவர் கோடோ அந்தத் தடத்தைத் தாண்டி, கதவு சுற்றுகிற இடத்துக்குள் ஒரு சாண் வந்திருந்தது. எனக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

"ஏங்க..." என்றேன்.

"ஆரம்பிக்காத. உனக்கு இதுல என்ன தெரியும்? போய் டீ போடு."

போனேன், டீ போட்டேன், சொல்லவில்லை. பதித்து முடித்து வெளியே வரப் பார்ப்பார், கதவு இடிக்கும், திருதிருவென்று முழிப்பார். ஈரம் காய்வதற்குள் பெயர்த்துப் பக்கவாட்டில் திருப்பிவைத்தால் ஒரு மணி நேர வேலை. அதற்கப்புறம் ஆயுசுக்கும் என்னிடம் வாயைத் திறக்க மாட்டார். இப்படிக் கணக்குப் போட்டேன். பொய் சொல்வானேன், எனக்குக் குஷியாகவே இருந்தது.

யோசனை சொல்கிறவர்கள் யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு வேறு வந்தது. மணி இரண்டரை ஆனதும், "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன்.

"வேலை பத்தரைக்கே முடிஞ்சுது. சிமெண்ட் இறுகட்டும்னு காவலுக்கு உக்காந்திருக்கேன். நான் வெளிய வந்தா நீங்க யாராவது உள்ள வந்து ஆட்டிடுவீங்க."

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "முதல்ல கதவைத் திறங்க!"

டொக். நாலு விரல் அகலம் திறந்தது. அந்தச் சந்தில் அவருடைய ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"ஏதோ இடிக்குது" என்றார்.

ஏதோ! நாலு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அழகு பார்த்திருக்கிறார், அது என்னவென்று தெரியவில்லை.

கம்மோடு அசைந்து கொடுக்கவில்லை. அந்த மனிதர் ஜென்மத்தில் ஒழுங்காகச் செய்த வேலை அந்த சிமெண்ட் பூச்சுதான். கீல்களைக் கழற்றப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி வரவில்லை என்று உளியைப் போட்டு நெம்பியதில் நிலை பிளந்து கதவோடு சரிந்தது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி புதுக் கதவு வைக்கத் தச்சருக்குப் போன் செய்தால், புதன்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா கிளம்பி உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் வந்துவிட்டான்.

"கம்மோடு ரெடிம்மா. கதவு மட்டும் இல்ல. பெட்ஷீட்டைத் திரையா கட்டியிருக்கேன். ரெண்டே நாள்."

"பதினஞ்சு நாளா இங்க திரைக்குப் பின்னாடிதான்டி போனேன்" என்றாள் அம்மா. "பக்கத்துக் கட்டில்காரிக்கு எல்லாம் கேட்கும். மாப்பிள்ளை நடமாடற வீட்ல என்னால முடியாது. அவன் வீட்ல கதவு இருக்கு."

அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டான். அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"அவர்தான் ஆம்பள, கவனிக்கல. நீ வீட்லதான இருந்த? உன் கண்ணுக்குமா தெரியல?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவ மேல தப்பில்ல அத்தை. அவ சொல்லத்தான் வந்தா. நான்தான் பேசவே விடல."

அம்மா அதை நம்பி, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எனக்காகப் பரிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.