பெனிஷாவின் கைக்கு இறங்கி வந்தவை

மருத்துவப் பரிசோதனை நடந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மனிதவள அதிகாரி லாவண்யா, அவருக்கு வலப்பக்கம் கம்பெனி டாக்டர், ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் லைன் சூப்பர்வைசர் கங்கப்பன். சுவரில் சிவப்புப் பெயிண்டால் இழுத்திருந்த கோட்டுக்கு நேர் கீழே, உட்கார நாற்காலி இல்லாமல், பெனிஷா நின்றாள். இரண்டு கையாலும் கோட்டைத் தொடச் சொன்னார்கள். வலக்கை போய்த் தொட்டது. இடக்கை மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது. உடனே அறையின் கூரை இரண்டரை அடி இறங்கியது. சுவரும் கூடவே தரைக்குள் இறங்க, கோடு வந்து அவளுடைய இடது விரல்களில் பட்டது. கங்கப்பன் எழுந்து, தலைக்கு நேராக வந்துவிட்ட மின்விசிறியை அணைத்தார். யாருக்கும் அடியில்லை. அன்று ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போனது.

பெனிஷாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் உத்தனப்பள்ளி சாராளுக்கு அவள் பிறந்தபோது எடை நாலரைக் கிலோ. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்ததில் கழுத்தோரத்து நரம்புகள் கிழிந்து, இடக்கை பாதிப் பேச்சை மட்டும் கேட்கிற கையாக ஆயிற்று. முழங்கை மடங்கியும் உள்ளங்கை பின்புறம் பார்த்தும், வலக்கையைவிட மூன்று விரற்கடை குட்டையாகவும் அது வளர்ந்தது. சட்டை மாட்டவும் சடை பின்னவும் அவள் பல்லையும் முழங்காலையும் பழக்கிக்கொண்டாள். மேலே போக மட்டும் அந்தக் கை ஒருநாளும் சம்மதிக்கவில்லை. ஆகவே மேலே இருந்தவை இறங்கி வந்தன. முதலில் தொட்டில் கட்டிய விட்டம் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, அதன் பிறகு பக்கத்துத் தோப்பின் மாங்கிளைகள். டவுன் பஸ்ஸில் மேல்கம்பி அவள் கைக்கு இறங்கிவிடும் என்பதால், “எல்லாம் குனிஞ்சுக்கங்கப்பா, பெனிஷா ஏறுது” என்று சொல்லிவிட்டுத்தான் கண்டக்டர் விசில் கொடுப்பார். சானமாவுக் காட்டு யானை ஒன்று ராகிக் கொல்லையில் புகுந்தபோது அவள் விரட்டுவதற்காகக் கையை ஆட்ட, அது முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. வனத்துறைக்காரர்கள் அதைக் கெஞ்சி எழுப்புவதற்குள் மத்தியானம் ஆயிற்று. கையைத் தாழ்த்தினால் எல்லாம் தன் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், முன்னைவிடக் கொஞ்சம் குறைவான உயரத்துக்கு.

வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் அந்த ஓசூர்க் கம்பெனியில் அவள் எட்டு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தாள். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், பெஞ்சு மாறவில்லை. இரண்டு கை வேலையையும் பார்த்துப் பார்த்து இப்போது வலத்தோளும் குடைய ஆரம்பித்திருந்தது. காண்ட்ராக்டில் இருப்பவள் வலி என்று இரண்டு நாள் படுத்தால் மூன்றாம் நாள் கேட்டில் பேர் இருக்காது. நிரந்தரமானவளுக்கு லீவும் உண்டு, வைத்தியமும் உண்டு. நிரந்தரம் ஆகப்போகிறவர்களில் அவளும் இருந்தாள். பாக்கி இந்தக் கோடு ஒன்றுதான்.

“இது செல்லாதும்மா,” என்றார் லாவண்யா. “கை மேல போகணும். செவுரு கீழ வரக்கூடாது.”

“தொடுன்னுதானே மேடம் சொன்னீங்க. தொட்டனா இல்லியா?”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொட்டது உண்மைதான் என்றார். வீட்டில் தெலுங்கும் லைனில் தமிழும் கோபத்தில் கன்னடமும் பேசுகிற கங்கப்பன் குள்ளமான மனிதர். “நானே எகிறிக் குதிச்சாத்தான் மேடம் அந்தக் கோட்டத் தொடுவேன். என்னை வேலைய விட்டு அனுப்பிருவீங்களா?” என்று கேட்டார்.

இறங்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் மறுபடி பார்த்துவிடலாம் என்று லாவண்யா முடிவு செய்து, அவளைக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்கு அழைத்துப் போனார். அது ஜூலை மாதம். பெனிஷா கையைத் தூக்கினாள். சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மேகம் இறங்கியது. ஆளை ஆள் தெரியவில்லை. அத்திப்பள்ளி போகிற லாரிகள் நட்டநடுப் பகலில் ஹெட்லைட் போட்டு நின்றன. “தொட்டுட்டேன் மேடம், ஈரமா இருக்கு,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. கையைத் தாழ்த்திய பிறகும் மேகம் போகவில்லை. போல்ட்டு போட்டு மாட்டியவற்றுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் உண்டு, மேகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அது கம்பெனி வளாகத்திலேயே தங்கிவிட்டது. செக்யூரிட்டிகள் விசில் ஊதி வழிகாட்டப் பழகினார்கள். எதிர்த்த டீக்கடையில் வியாபாரம் இரட்டித்தது.

மறுவாரம் மேலாளர் ராஜப்பனிடமிருந்து ஒரு தாள் வந்தது. வேலை நிரந்தரம், ஆனால் வளாகத்துக்குள் இருக்கும்வரை பாதிக்கப்பட்ட கையை உடம்போடு சேர்த்து வார் போட்டுக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்றது அது. கூடவே நீல நிற வாரும் வந்தது. பெனிஷா அதைக் கங்கப்பனிடம் நீட்டி, வலக்கையைக் கட்டச் சொன்னாள்.

“அது நல்ல கையாச்சேம்மா?”

“ரெண்டுமே நல்ல கைதாண்ணா. இதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு வேணும், கட்டுங்க.”

கட்டிவிட்டு, மாடிக்குப் போய் மேலாளரிடம் தன்மையாகப் பேசிவிட்டு வரும்படி கங்கப்பன் சொன்னார். “நான் எதுக்குண்ணா ஏறணும்?” என்று கேட்டுவிட்டு அவள் லைனுக்கு நடுவே நடந்து போய், மேலாளரின் கண்ணாடி அறைக்குக் கீழே நின்று, கையெழுத்துப் போடாத தாளை இடக்கையால் நீட்டினாள். கண்ணாடி அறை இறங்கத் தொடங்கியது. இரண்டு நாற்காலியோடும் ஏசியோடும், மேலே படிந்த ஆடைகூடக் கலையாத ஒரு கப் டீயோடும் வந்து தரையில் உட்கார்ந்தது. ராஜப்பன் கதவைத் திறந்தபோது ஒயர் கட்டும் பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்தாங்க சார், உங்க பேப்பர். பொறந்ததுலேர்ந்து ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. சேந்தா ரெண்டு கையோடதான் சேருவேன். ஒத்தைக் கை போதும்னா வேற ஆளப் பாத்துக்கங்க.”

“மொதல்ல ரூம மேல அனுப்பும்மா.”

“நீங்க பேப்பர வாங்குங்க சார். கை வலிக்குது.”

அவள் கையைத் தாழ்த்தவில்லை. யாரோ லைனை நிறுத்தினார்கள். ராஜப்பன் தாளை வாங்கி நிபந்தனையைச் சத்தமாக வாசித்தார். மாடியில் எழுதியபோது இருந்ததைவிடத் தரையில் அது வேறு மாதிரிக் கேட்டது. இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டு, பேனாவைத் திறந்து அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக அடித்தார். பெனிஷா கையைத் தாழ்த்தினாள். அறை மேலே போயிற்று, வழக்கம்போல் கொஞ்சம் குறைவாக. மாடிப்படியில் கடைசி இரண்டு படிகள் மிச்சமாகி, இன்றைக்கும் எங்கேயும் போகாமல் நிற்கின்றன.

சாயங்காலம் லாவண்யா நியமன உத்தரவைப் புதிதாக அடித்து, மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசை டப்பா காய்ந்து கிடந்தது. அவர் ஜன்னலைத் திறந்து உறையின் வாயை வெளியே நீட்டினார். மேகத்தின் ஈரம் போதுமானதாக இருந்தது. அழுத்தி ஒட்டி, உத்தனப்பள்ளி முகவரி எழுதிக் கொடுத்தனுப்பினார். தபால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே மேகத்துக்குள் போயிற்று.