மறுகா என்றுதான் சொன்னாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. போன வருடம் முகநூலில் ஒரு வரி பார்த்தேன். எழுத்துப் பிழையோடு ஒரே ஒரு வரி. மூவாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். நான் மூன்று புத்தகம் போட்டவன். மூன்றையும் சேர்த்து முந்நூறு பேர் வாசித்திருந்தால் அதிசயம். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் அதை வைத்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்ததால், கேதீஸ்வரி என்று ஒருத்தியை உண்டாக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். இனி எரிய வேண்டியது அவள் வயிறு.

2

தொடக்கம் ஒன்று: 'மட்டக்களப்பு வாவியின் மேல் காலை வெயில்' — வேண்டாம். வாவியில் தொடங்காத மட்டக்களப்புக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

தொடக்கம் இரண்டு: 'கேதீஸ்வரி நல்லவள், ஆனால்' — இந்த 'ஆனால்' வந்தால் நீங்கள் இப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள்.

தொடக்கம் மூன்று: கந்தோரில், அதாவது அலுவலகத்தில், மதியச் சாப்பாடு. இது சரி வரும்.

3

ஒரு பிரதேச செயலகம். எது என்று கேட்காதீர்கள், எனக்கும் அலுவல் இருக்கிறது. வெல்லாவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிற கேதீஸ்வரிக்கும் காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற அஸீமாவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. பதினொரு வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அஸீமாவின் மீன் ஆணத்தில் (குழம்பில்) பாதி கேதீஸ்வரிக்கு. கேதீஸ்வரியின் வாயில் வருவதில் பாதி அஸீமாவின் முகநூல் பக்கத்துக்கு. (இந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமானது என்றுதான் இருவரும் அதுவரை நினைத்திருந்தார்கள்.)

பக்கத்தின் பெயர் 'சும்மா சொன்னது'. அதில் இப்படியெல்லாம் வரும்:

'கைவிரல் வைக்கிற மெசின் வந்த பிறகு நேரத்துக்கு வாறம். வேலைக்குத்தான் இன்னும் வரல்ல.'

'எலக்சன் வந்தா மட்டும் நம்மட போன் நம்பர் எல்லாக் கட்சிக்கும் தெரியுது.'

'புருசன் பாஸ்வேர்ட் கேட்டா அது அன்பா, சோதனைச் சாவடியா?'

முதலாவதும் மூன்றாவதும் கேதீஸ்வரி சொன்னவை. யார் சொன்னது என்று அஸீமா எழுதுவதில்லை. கேதீஸ்வரியும் கேட்டதில்லை. இருபது லைக், முப்பது லைக். அதற்கு யார் சண்டை பிடிப்பார்கள்?

அன்றைக்கு மேசையில் அஸீமாவின் போன் மைக் திறந்தபடி கிடந்தது. சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொள்ளும். தெருவில் கமெரா பூட்டுகிற சத்தம். கேதீஸ்வரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:

"தெருவெல்லாம் கமெரா பூட்டுறாங்க. மறுகா யார் பாக்கிற?"*

அஸீமாவுக்குச் சிரிப்பு வந்தது. கை முழுக்கச் சோறு. போன் என்ன எழுதியது என்று பார்க்காமலே சின்ன விரலால் தட்டித் தன் பக்கத்துக்கு அனுப்பிவிட்டாள்.

* வெளியூர் வாசகருக்கு: மட்டக்களப்பில் 'மறுகா' என்றால் 'பிறகு'. பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு அதை யார் கவனிப்பது என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆனால் போனுக்கு எங்கள் பேச்சுத் தெரியாது. பக்திப் பாட்டுக் கேட்டு வளர்ந்த மெசின் போலிருக்கிறது, பெரிய றகரத்தை விட்டுச் சின்ன ரகரத்தைப் போட்டது. 'கமெரா பூட்டுறாங்க மருகா, யார் பாக்கிற?' மருகன் என்றால் மருமகன். கமெரா பூட்டுகிற கொந்தராத்தை, அந்த ஒப்பந்தத்தை, எடுத்தவர் பிரதேச சபைத் தலைவரான தவிசாளரின் மருமகன். இருவருக்கும் அது தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது.

4

மறுநாள் விடிவதற்குள் அஸீமா துணிச்சல்காரி ஆகிவிட்டாள்.

'இவள்தான் பொம்பள.' 'ஒரு எழுத்தில அடிச்சிட்டாள்.' 'மருகா என்று விளிக்கிற அழகைப் பாருங்கள்' என்று ஒரு தமிழ் ஆசிரியர் நீளமாக எழுதினார். சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது ஓட்டோ ஒன்றின் பின்கண்ணாடியில் 'யார் பாக்கிற மருகா?' என்று ஒட்டியிருந்ததைக் கேதீஸ்வரி பார்த்தாள். அவளுடைய வசனம். அவள் வாயில் சோற்றோடு வந்த வசனம். ஓட்டோ முந்திக்கொண்டு போனது.

(இங்கே அவளுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை கொடுக்கலாமா என்று யோசித்தேன். 'தோழியின் புகழில் அவளும் மகிழ்ந்து' — சீ. பொய்.)

உண்மை இதுதான்: அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. தன் வசனத்தை எடுத்தாள் என்றுகூட இல்லை. தான் சொன்னதைவிட மெசின் பிழையாக எழுதியது நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. பிழையும் போய் அஸீமாவின் பக்கத்தில்தானா விழ வேண்டும்? அந்த வாரம் அவள் ஆணம் வாங்கவில்லை.

"என்னகா, மீன் புடிக்கல்லியா?"

"வயித்துக்குச் சரியில்ல."

அதுவும் பொய்யில்லை.

5

பிறகு கடிதம் வந்தது. அரச உத்தியோகத்தர் ஒருவர் மக்கள் பிரதிநிதியின் குடும்பத்தை இழிவுபடுத்தினார் என்று முறைப்பாடு. விசாரணை. குற்றம் என்று முடிந்தால் மன்னார்ப் பக்கம் தூர இடமாற்றம். அஸீமாவின் கணவர் கட்டாரில், இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில், மாமியார் படுக்கையில். பக்கத்து மேசைக்காரி என்பதால் கேதீஸ்வரியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

கேதீஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோசம். ஒளிக்க மாட்டேன். அடுத்தது அந்தச் சந்தோசத்தின் மேல் அருவருப்பு. மூன்றாவதுதான் யோசனை: 'மறுகா என்று நான்தான் சொன்னேன், போன் பிழையாக எழுதிவிட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் முறைப்பாடே விழுந்துவிடும். அஸீமா தப்பிவிடுவாள். கூடவே துணிச்சல்காரியும் காணாமல் போய்விடுவாள். ஊர் முழுக்கச் சிரிக்கும்.

இப்படி வசதியான உண்மை ஒன்று அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

பதிவு போட்டு இரண்டு வாரம் கழித்து, விசாரணை நாள் காலையில், ஸ்கூட்டி நிற்பாட்டுகிற இடத்தில் அவளே தொடங்கினாள்.

"நான் உள்ளதச் சொல்லிர்றன், அஸீமா. உனக்கு ஒண்டும் வராது."

"வேணாம் கேதி."

"ஏன்கா? மன்னாருக்கு அனுப்பினா என்ன செய்வாய்? புள்ளையள்?"

அஸீமா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எனக்கும் பயம்தான். முப்பத்தெட்டு வயசு. வாப்பாக்குப் பயந்த, புருசனுக்குப் பயந்த, கந்தோருக்குப் பயந்த. இந்த ரெண்டு கிழமைதான் என்னப் பாத்து நாலு பேர் பயந்த. அது பிழையா வந்ததெண்டாலும் எனக்கு வந்ததுதானே. அத எடுத்துப் போடாத."

"அது நான் சொன்ன வசனம்."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அது வாய்விட்டு வெளியே வந்தது. அஸீமா அவளையே பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "அதான் உனக்கிட்டக் கேக்கிறன்."

6

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு ஒன்று. கேதீஸ்வரி உண்மையைச் சொல்கிறாள். அஸீமா தப்புகிறாள். இரண்டு பேரும் தனித்தனியே சாப்பிடுகிறார்கள். இதில் குறை என்னவென்றால், கேதீஸ்வரி அதைத் தோழிக்காகச் செய்தாளா எரிச்சலுக்காகச் செய்தாளா என்பது எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

முடிவு இரண்டு. 'எனக்கு ஒன்றும் தெரியாது சேர்' என்கிறாள். அஸீமா புகழோடு மன்னாருக்குப் போகிறாள். கேதீஸ்வரி அதை விசுவாசம் என்று தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து மேசை வெறுமையாவதை நல்லது என்றும் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவு மூன்று. 'சொன்னது நான். மருமகனைத்தான் சொன்னேன்' என்கிறாள். தண்டனை அவளுக்கு. துணிச்சல்காரிப் பட்டமும் அவளுக்கு. அஸீமாவைக் காப்பாற்றுகிறாளா, அவளிடமிருந்து கடைசிச் சொத்தையும் பிடுங்குகிறாளா?

மூன்றையும் கிழித்துப்போட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

7

விசாரணை அதிகாரி நல்ல மனிதர், வெளியூர்க்காரர். மேசையில் அந்தப் பதிவின் பிரதி.

"இந்த வசனம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர். சொன்னது நான்."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த அஸீமாவுக்கு அது கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது.

"நீங்களா? என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

கேதீஸ்வரி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் றகரத்துக்கும் ரகரத்துக்கும் அடி வாங்கியவள்தான், ஆனால் அவசரத்தில் வருகிற வாய்க்கு அந்த வித்தியாசம் கிடையாது. அதிகாரி காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"விளங்கேல்ல. எந்த எழுத்து? சின்னதா, பெரிசா?" வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "எழுதிக் காட்டுங்க."

அவள் 'மருகா' — இல்லை. 'மறுகா' — இல்லை, இல்லை.

அவள் 'ம' எழுதினாள்.

பேச்சென்றால் நான் தப்பியிருப்பேன். சொன்னாள் என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். எழுத்து அப்படி விடாது, ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். அவளுக்குள் வைத்த பொறாமை என்னுடையது, ஆகவே நான் போடுகிற எந்த எழுத்தையும் நம்ப வேண்டாம். வாங்கில் இருப்பவள் எழும்பிக் கதவடிக்கு வந்துவிட்டாள். பேனாவை உங்களிடம் தருகிறேன்.

எழுதியதை எனக்குக் காட்டாதீர்கள். நன்றாக இருந்துவிட்டால் நான் தாங்கமாட்டேன்.