படுத்தால் மட்டும்

அக்காவைக் கட்டியவன் தொந்தி, தங்கையைக் கட்டியவன் பல்லி. சகலைகள் இருவரும் சேர்ந்து கார் பட்டறை நடத்தினார்கள். சகலைகள் கூட்டுத் தொழில் செய்தால் ஒரு வருஷம் தாங்காது என்று சொந்தக்காரர்கள் ஆரூடம் சொன்னார்கள். பதினாறு வருஷம் தாங்கியது. தொந்தியின் வயிறு எந்த வண்டிக்கு அடியிலும் நுழையாது, அதனால் அவனுக்கு மேல் வேலை. பல்லிக்குக் கீழ் வேலை. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். சில நாள் அங்கேயே குறட்டை விட்டதும் உண்டு.

அப்படிப்பட்டவன் திடீரென்று, "படுத்தா மூச்சு முட்டுது சகலை" என்று சொல்ல ஆரம்பித்தான். உள்ளே போன அரை நிமிஷத்தில் தரையை உதைத்துப் பலகையை வெளியே தள்ளிக்கொண்டு வந்து எழுந்து உட்காருவான். உட்கார்ந்ததும் சரியாகிவிடும். டீ குடிப்பான், தொந்தியின் வயிற்றைக் கிண்டலடிப்பான். வீட்டிலும் நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குகிறான் என்று தங்கைக்காரி அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

தொந்திக்கு எரிச்சல் வந்தது. நோய் என்றால் நோயாக இருக்க வேண்டாமா? நிற்கும்போது விட்டுவிட்டுப் படுக்கும்போது மட்டும் வந்து பிடிக்கிற நோயை அவன் ஏழு ஜென்மத்திலும் கேள்விப்பட்டதில்லை. மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பட்டறை திறந்திருந்தார்கள். அங்கே வண்டியையே தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் லிப்ட் இருந்தது. சரி, பயல் அங்கே போக அடி போடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டான்.

அன்றைக்கு ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பல்லி மூன்றாவது முறையாக வெளியே வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் தொந்தி. "அதென்னடா, டைம்டேபிள் போட்டு வர்ற நோவு?"

பதினாறு வருஷத்தில் சகலையை அவன் டா போட்டது அதுதான் முதல் தடவை. பல்லி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்து உள்ளே போனான். தொந்தி பலகையின் விளிம்பில் காலை வைத்து அழுத்திக்கொண்டான். "முடிச்சுட்டுத்தான் நீ வெளிய வர்ற."

பாவி, அப்படியே நின்றான். பலகை இரண்டு தரம் காலடியில் உந்தியது. இன்னும் அழுத்தினான். ஸ்பேனர் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. குனிந்து பார்த்தபோது பல்லியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபது என்று காட்டியது. மல்லாக்கப் படுக்கவைத்து அதே குழாயில் ஊதச் சொன்னார்கள். முப்பத்திரண்டு. தசைகளுக்கு உத்தரவு கொடுக்கும் நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன, இவருக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசையை அது முதலில் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். உட்கார்ந்தால் குடலெல்லாம் கீழே இறங்கி வழி விடும். படுத்தால் அத்தனையும் மேலே வந்து நெஞ்சை முட்டும், தடுக்க அந்தத் தசைக்குத் தெம்பில்லை. போகப் போகக் கை கால்களும் விழும். குணப்படுத்த மருந்தில்லை, மூச்சுக்கு மெஷின் மட்டும் கொடுக்கலாம்.

"இத்தனை நாளா இவரு யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார். தொந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் பல்லிக்கு நாற்காலிதான் படுக்கை. மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினான். கொஞ்ச நேரத்துக்கொரு முறை உடம்பு அங்குலம் அங்குலமாகச் சரியும், சரியச் சரிய மூச்சு குறையும். தொந்தி பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்து கிடந்தான். பின்னால் நின்று, தலையைத் தன் நெஞ்சில் தாங்கி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைப்பான். கழுத்து நிற்காமல் போனதும் குளிப்பாட்டும்போது பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வயிற்றிலேயே அவனைச் சாய்த்துக்கொண்டான்.

"உன் தொந்திக்கும் ஒரு வேலை கிடைச்சிருச்சு பாத்தியா," என்றான் பல்லி. அப்போதே பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

அங்கேயேதான் தொந்தி உடைந்து போனான். "நான் காலை வச்சு அழுத்துனேன் சகலை. எனக்கு நல்ல சாவு வராது. உன் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

பல்லி ஒவ்வொரு சொல்லாக, நடுநடுவே மூச்சு வாங்கிச் சொன்னான். "சொல்லாத. அவ உன்னை மன்னிக்க மாட்டா. அப்புறம் என்னை யாரு தூக்கி உட்கார வைப்பா?"

தொந்தி சொல்லவில்லை. தங்கைக்காரி சோறு போடும்போதெல்லாம், "நீங்க மட்டும் இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போம் அத்தான்" என்பாள். அவன் பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவான்.

ஒரு நாள் பகல் மூன்று மணிக்கு, மாஸ்க் மூக்கில் இருக்கும்போதே, நாற்காலியிலேயே பல்லி போய்விட்டான். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேர் உள்ளே வந்து, கட்டிலில் படுக்கவைக்கலாம் என்றார்கள். தொந்தி வழக்கம்போலப் பின்னால் போய் நின்று தலையை நெஞ்சில் தாங்கிக்கொண்டான். தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தக் குனிந்தார்கள். அவன் மட்டும் தலையைக் கீழே இறக்கவில்லை.

"நீட்டிப் படுக்க வைக்காதீங்க. அவனுக்கு மூச்சு முட்டும். தலையணை கொண்டாங்க, சாய்ச்சு வைப்போம்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கைக்காரிதான் கட்டிலருகே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"விடுங்க அத்தான். ஒரு வாட்டியாவது காலை நீட்டிப் படுக்கணும்னு எத்தனை நாள் ஏங்குனாரு. இப்பவாவது படுக்கட்டும்."

"அவன் படுத்தா முடியலைன்னுதான் சொன்னான்மா," என்றான். "அஞ்சு மாசம் சொன்னான். நான் நம்பலை. அன்னைக்கு அவன் வண்டிக்கு அடியிலேருந்து வெளிய வரப் பாத்தான். நான்தான் பலகையை விடாம கால்ல அழுத்திக்கிட்டு நின்னேன்."

அவள் அவன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இது தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியும். உன்கிட்ட சொல்ல வேணாம்னான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலையை நீங்க பிடிக்க வேணாம். அவங்க பிடிக்கட்டும்."

தொந்தி கையை எடுத்து, மற்றவர்களுக்கு வழி விட்டு வாசலுக்கு வந்தான். அவர்கள் மூவரும் பல்லியை நீட்டிப் படுக்கவைத்தார்கள். அவர்களுக்குப் பழக்கமில்லை, தலை ஒரு பக்கமாகத் தொங்கிப் போனது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தொந்திக்குத் தெரியும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.