லுவோ இடுப்பில் ஒரு சில்வண்டு

லுவோ தேஷெங் வருகிறான் என்பது அவன் பாலம் ஏறும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். இடுப்புக் கச்சையில் ஏழு ஜேட் தொங்கல்கள். நடக்க நடக்க ஒன்றோடொன்று மோதி அப்படி ஒரு கலகலப்பு. பெரிய மனிதர்கள் இடுப்பில் ஜேட் கட்டுவது எதற்கு? நடை நிதானமாக இருந்தால் கல் இதமாக ஒலிக்கும், பரபரத்தால் தாறுமாறாக இடிக்கும், அதைக் கேட்டு நடையைத் திருத்திக்கொள்ளத்தான். இந்த மனுஷன் கல்லை வாங்கினானே தவிர ஒருநாளாவது அதைக் காதால் கேட்டானா? ஊறுகாய்ப் பானையைத் தோளில் சுமந்து பதினைந்து வருஷம் சூச்சோ நகரத்துச் சந்துகளில் ஓடிய கால். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வந்துட்டாருடி பாத்திரக்கடை," என்றாள் மெங் சான்னியாங், முறுக்கிக்கொண்டிருந்த பட்டு நூலை விடாமல்.

மகள் பெய்லான் சிரிக்கவில்லை. அவளுக்கு வயசு இருபத்திரண்டு. லுவோ வீட்டுப் பேச்சு வந்தால் சிரிப்பதை அவள் விட்டு நாலு வருஷம் ஆகிறது.

விஷயம் இதுதான். சான்னியாங்கின் புருஷன் அதே தெருவில் கல் செதுக்குகிறவன். அவனும் லுவோவும் ஒரே கிண்ணத்தில் நூடுல்ஸ் சாப்பிட்ட சிநேகிதர்கள். பெய்லான் பிறந்த வருஷம், குடித்த சந்தோஷத்தில், ஒரே வெள்ளை ஜேட் கல்லிலிருந்து இரண்டு மீன் செதுக்கினான். ஒன்றை லுவோவின் பிள்ளைக்குக் கொடுத்தான், இன்னொன்றை மகள் கழுத்தில் கட்டினான். நிச்சயம் முடிந்தது என்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

அப்புறம் புருஷன் போய்ச் சேர்ந்தான். லுவோவின் ஊறுகாய்க்கடை ஒன்று மூன்றாயிற்று. வெள்ளியைக் கொட்டி, நாற்காலியும் இல்லாத வேலையும் இல்லாத ஓர் அதிகாரிப் பட்டத்தை வாங்கி, அதற்கான தொப்பியை மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து குஞ்சம் கட்டிப் பிழைக்கிறவள் மகள் அவனுக்குக் கசந்துவிட்டாள். ஆனால் வேண்டாம் என்று வாயால் சொல்லவும் மாட்டான். "இந்த வருஷம் கிரகம் சரியில்ல", "அடுத்த வருஷம் பாக்கலாம்." மீன் அவன் பெட்டியில் இருக்கிறவரை பெய்லானை வேறு எவனும் கேட்க முடியாது. கேட்டு வந்த இரண்டு பேரும் விஷயம் தெரிந்து பேசாமல் திரும்பிப் போனார்கள். மீனைக் கொடு என்று சான்னியாங் இரண்டு தரம் ஆளனுப்பினாள். "பொண்ணு வீட்டுக்காரங்கதான் முறிச்சாங்கன்னு எழுதிக் குடு, தரேன்" என்றான். எழுதிக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? பெண்ணிடம் என்ன கோளாறோ என்றுதானே சொல்லும்? இவன் பெயர் கெடக்கூடாது, அதற்காக ஒரு பெண்ணின் பெயர் கெடவேண்டும். தூ!

இன்று ஆளனுப்பாமல் அவனே வந்திருந்தான். கூடவே கல்யாணத் தரகு பார்க்கிற ஃபெங்கம்மா, பல்லெல்லாம் தெரிய.

"ஏம்மா நூல்காரி," என்றான் லுவோ. ஊறுகாய் சுமந்த காலத்தில் அதே வாய் 'அண்ணி, அண்ணி' என்று அவள் கையால் வாங்கித் தின்றது. "வர்ற ஆறாந்தேதி எனக்கு அம்பது நிறையுது. கல்வி அதிகாரி வென் ஐயாவே விருந்துக்கு வராரு. குஞ்சம் ஒண்ணு வேணும். இதுக்கு."

மேஜைமேல் ஒரு சில்வண்டை வைத்தான். கட்டைவிரல் அகலம், பழுப்பேறிய ஜேட்.

"தொட்டுப் பாரு, பயப்படாத. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் கல்லு."

சான்னியாங் கையில் எடுத்தாள். தட்டையான வயிறு, நாக்கு மாதிரி வடிவம். முதுகில் நாலைந்து நேர்வெட்டு, அவ்வளவுதான் இறக்கை. தலைப்பக்கம் ஒரு துளை. பழக்கத்தில் துளைக்குள் ஒரு பட்டு இழையை விட்டு இழுத்தாள். இழை பிசிறிட்டது. மறுபடி இழுத்தாள். அறுந்தே போயிற்று.

அவளுக்குக் கல்லைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், துளையைப் பற்றித் தெரியும். தலைமுறை தலைமுறையாக நூல் ஏறி இறங்கிய துளை வழுவழுவென்று இருக்கும், பட்டை அறுக்காது. இது போன மாசம் போட்ட துளை. அப்படியானால் செய்தபோது இந்தச் சில்வண்டுக்குத் துளையே இல்லை. துளையில்லாத சில்வண்டு எதற்கு என்று புருஷன் ஒருநாள் சொல்லியிருக்கிறான். மண்ணுக்குள்ளிருந்து சில்வண்டு எழுந்து வருவதுபோல் செத்தவரும் எழட்டும் என்று, சவப்பெட்டியில் வைக்கும்போது பிணத்தின் நாக்கின்மேல் வைத்து வாயை மூடுவார்கள். எவனோ கல்லறையைத் தோண்டி, பிணத்தின் வாயிலிருந்து பிடுங்கி, ஓட்டை போட்டு இந்தப் புத்திசாலி தலையில் கட்டியிருக்கிறான்.

அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள்.

"நிறம் எப்படி ஏறியிருக்கு பாத்தியா?" லுவோ குனிந்து குரலைத் தாழ்த்தினான். "வித்தவன் ஒரு ரகசியம் சொன்னான். ஜேட்டுக்கு மனுஷச் சூடு வேணுமாம். காலைல எந்திரிச்சதும் வாயில போட்டு நாக்குக்கடியில அடக்கிக்குவேன். ஒரு ஊதுபத்தி எரிஞ்சு முடியற வரைக்கும். இன்னியோட நாப்பது நாள்!"

சான்னியாங் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தாள். என்ன இருந்தாலும் மனுஷன்தானே என்று வாயைத் திறந்தாள். "ஐயா, இது இடுப்புல கட்டறது இல்லீங்க..."

"உன்னை எங்க கட்டறதுன்னு கேட்டேனா?"

"இல்லீங்க, இந்தத் துளை..."

"ஏம்மா, நூல் முறுக்கறவ நூலைப் பாரு. கல்லைப் பத்தி எனக்குப் பாடமா? உன் புருஷன் ஆயுசு பூரா கல்லை உரசினான், இடுப்புல ஒரு கல்லு கட்டினானா? நான் ஏழு கட்டியிருக்கேன்."

ஃபெங்கம்மா கெக்கெக்கே என்று சிரித்தாள். உள்கதவருகே நின்ற பெய்லானின் முகம் சிவந்துபோயிற்று.

"சரிங்க," என்றாள் சான்னியாங். "நூலையே பாக்கறேன். கூலி?"

"சொல்லு."

"மீனு. ஃபெங்கம்மா சாட்சியா இப்பவே குடுக்கணும். ரெண்டு வீட்டாரும் ஒத்துக்கிட்டு முடிச்சுக்கிட்டோம்னு உங்க வாயால சொல்லணும். எழுத்து கிழுத்து கிடையாது."

லுவோ பெரிதாக யோசிப்பதுபோல் தாடியைத் தடவினான். அட, என்ன நடிப்பு! வென் ஐயாவின் கடைசி மகளைப் பிள்ளைக்குப் பேசி, விருந்தன்றே ஊரறியச் சொல்லப்போகிறான். அதற்கு முன்னால் பழைய நிச்சயத்தைச் சத்தமில்லாமல் கழற்றியாக வேண்டும். அவன் வந்ததே அதற்குத்தான். குஞ்சமும் ஓசி, தொல்லையும் ஒழிந்தது என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"உனக்காகச் செய்யறேன்," என்றான். அங்கியின் கையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். தயாராகக் கொண்டு வந்திருந்தான், பாவி. "முடிச்சுக்கிட்டோம். ஃபெங்கம்மா, கேட்டுக்கோ. உன் மகளும் வேற இடம் பாத்துக்கட்டும். வயசு இருக்கறப்பவே பாத்துக்கணும் இல்ல?"

பொட்டலம் ஊறுகாய் மடிக்கிற எண்ணெய்க் காகிதம். பெய்லான் வாங்கிப் பிரித்தாள். அப்பா செதுக்கிய மீனில் கடுகுக்கீரை உப்புத்தண்ணீர் வாடை அடித்தது.

அவன் படியிறங்கியதும் சான்னியாங் மனசு கேட்காமல் வாசல்வரை போய், "ஐயா, ஒரு வார்த்தை!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவே இல்லை. கல்லெல்லாம் கலகலக்கப் பாலமேறிப் போனான்.

"என்னம்மா அது?" என்றாள் பெய்லான், மீனை மூன்றாம் தண்ணீரில் அலசிக்கொண்டே.

அம்மா சொன்னாள். பெய்லான் மீனை ஓரமாக வைத்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நாலு வருஷத்துச் சிரிப்பு, நிற்கவே இல்லை.

"மூணு தரம் வாயத் திறந்தேன்டி," என்றாள் சான்னியாங். "கேக்கலேன்னா நான் என்ன பண்ண? இடுப்புல அத்தனை சத்தம், காதுல என்ன விழும்?"

குஞ்சத்தில் அவள் குறை வைக்கவில்லை. துளைக்கு மெழுகு தடவிய நூல், கருநீலமும் வெள்ளியும் கலந்து ஒன்பது முடிச்சு, முழங்கால்வரை தொங்குகிற பட்டு இழைகள். அந்தத் தெருவில் இதுவரை யாரும் அப்படி ஒன்று கட்டியதில்லை.

ஆறாந்தேதி அவளே போய் அதை அவன் கச்சையில் கட்டிவிட்டாள். மற்ற ஏழு தொங்கல்களுக்கும் முன்னால், நட்டநடுவில் வைக்கச் சொன்னான். அப்படியே வைத்தாள். பிறகு வீட்டுப் பெண்களோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வென் ஐயா வந்தார். கைப்பக்கம் ஒட்டுப்போட்ட பழைய அங்கி. இடுப்பில் ஒரே ஒரு ஜேட் வளையம். முற்றத்தைக் கடந்து வரும்போது அது நிதானமாக ஒலித்தது. லுவோ எதிர்கொண்டு ஓடினான். அவன் ஓடியது எப்படி ஒலித்தது என்று சொல்லவேண்டியதில்லை.

ஆயுள் நீளட்டும் என்று போடுகிற நூடுல்ஸும் பரிமாறியாயிற்று. வென் ஐயாவின் கண் குஞ்சத்தில் நின்றது. "கட்டினவங்க கை நல்ல கை," என்றார்.

"குஞ்சம் கிடக்கட்டுங்க, கல்லைப் பாருங்க!" லுவோ அதை அவிழ்த்தே அவர் கையில் கொடுத்தான்.

கிழவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். சில்வண்டின் வயிற்றுப்பக்கத்தைத் திருப்பினார். துளை ஓரத்தை நகத்தால் தடவினார். அவர் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தார்கள், லுவோவைத் தவிர.

"நிறத்தைப் பாக்கறீங்களா? என் வாயில வளந்த நிறங்க!" என்று அவன் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். "தினம் காலைல நாக்குக்கடியில வெச்சு..."

வென் ஐயா கல்லை மேஜையில் வைத்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"லுவோ ஐயா, இது பொணத்தோட நாக்குமேல வைக்கற சில்வண்டு. ஓட்டை இப்பப் போட்டது. உங்களுக்கு முன்னால ஆயிரத்தைந்நூறு வருஷம் இன்னொருத்தர் வாயில இருந்திருக்கு. அதைத் தினம் எடுத்து நீங்க வாயில போட்டுக்கிட்டீங்களாக்கும்?"

யாரோ வாயில் பாதி, கிண்ணத்தில் பாதியாக இருந்த நூடுல்ஸை அப்படியே கீழே விட்டார். திரைக்குப் பின்னால் லுவோவின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அந்த வாயோடதானே ஒரே கிண்ணத்துல கஞ்சி குடிச்சேன்!" என்று கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"கல்யாணப் பேச்சு பேசற நாள் இது இல்ல," என்று வென் ஐயா எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். பீச் பழம்போல் பிடித்து அடுக்கிய பலகாரம் நூறும் தட்டிலேயே ஆறிப்போயின.

இரண்டே நாளில் ஊர் அவனுக்கு 'வாய்க்கரிசி லுவோ' என்று பெயர் வைத்துவிட்டது. பிள்ளைக்குப் பெண் கேட்டு ஃபெங்கம்மா ஏறாத படியில்லை. எல்லா வீட்டிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் சான்னியாங் நிமிர்ந்து பார்த்தால், லுவோ வாசலில் நிற்கிறான். அவன் வந்த சத்தமே கேட்கவில்லை. இடுப்பில் ஒன்றுமில்லை.

"அண்ணி," என்றான்.

"அடேங்கப்பா, அண்ணி! பத்து வருஷமாச்சு கேட்டு."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டீங்களே, அண்ணி."

"மூணு தரம் சொல்ல வந்தேன். நூலைப் பாருன்னீங்க, பாத்தேன்."

"போனது போகட்டும்." அங்கிக் கையிலிருந்து குஞ்சத்தை எடுத்தான். கல் இல்லை, வெறும் குஞ்சம். "இந்தாங்க உங்க குஞ்சம். நான் வெச்சுக்கல. கூலியத் திருப்பிக் குடுத்துடுங்க. அந்த மீனைத்தான் சொல்றேன். நிச்சயம் பழையபடி இருக்கட்டும். அடுத்த மாசமே தேதி வெச்சுடலாம். ஆயிரம் இருந்தாலும் அது எங்க வீட்டு மீனுதானே?"

கெட்டுப்போன ஊறுகாய்க்குப் பதில் பானை மாற்றுகிற புத்தி. வந்த கோபத்தில் சான்னியாங் கையிலிருந்த பட்டு இழையை வெடுக்கென்று அறுத்தாள். கண் தானாக உள்கதவுக்குப் போயிற்று. மறுபடி இவன் பெட்டிக்குள் போய்ப் படுக்கப்போவது அவள் மகளின் வாழ்க்கை அல்லவா?

பெய்லான் வெளியே வந்தாள். கையில் அடுப்புக்கரி எடுக்கிற இடுக்கி. லுவோவின் விரலில் தொங்கிய குஞ்சத்தை இடுக்கியால் பிடித்து வாங்கினாள், அப்படியே கணப்புக்குள் போட்டாள். ஒன்பது முடிச்சும் பொசுங்கிற்று.

"குஞ்சம் வந்து சேந்துருச்சு, சித்தப்பா," என்றாள். "பொணத்து வாயில இருந்ததைக் கட்டின நூலை எங்க வீட்டுல வெச்சுக்கறதில்ல. மீனு இங்க இருக்கு பாருங்க."

அவள் இடுப்பில் இரண்டு மீனும் ஒரே கயிற்றில் கோத்துத் தொங்கின.

"இந்த ஒண்ணு இருபத்திரண்டு வருஷம் உங்க பெட்டியில கிடந்துச்சு. மூணு தண்ணியில உங்க ஊறுகாய் வாடை போயிருச்சு. உங்க வாய் வாடைக்கு எத்தனை தண்ணி ஊத்துவீங்க?"

"பொண்ணே, கொஞ்சம் கேளு..."

"வழி விடுங்க. கடைக்குப் போய் நூல் வாங்கணும்."

லுவோ சுவரோரம் ஒதுங்கினான். பெய்லான் படியிறங்கித் தெருவில் நடந்தாள், அவசரமே இல்லாமல். அடிக்கு ஒரு தரம் இரண்டு மீனும் தொட்டுக்கொண்டு ஒலித்தன. கல் செதுக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கேட்டுக்கோங்க," என்றாள் சான்னியாங், அறுந்த இழையை எடுத்து மறுபடி முறுக்கிக்கொண்டே. "அதுக்குத்தான்யா கல்லைக் கட்டறது."