ஆர்கெஸ்ட்ராவுக்கு இடம் போட்டவன்

"சனிக்கிழமை வாரேன். ஆர்கெஸ்ட்ராவுக்கு எனக்கும் சேர்த்து இடம் போட்டு வை" என்று காசிராஜன் கார்டு எழுதியிருந்தான். எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் கல்யாணமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டோடு போனவன். அங்கிருந்து எங்கள் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். வந்து சேர அவனுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அவனைத் தவிர எனக்கு நண்பன் கிடையாது.

ஆர்கெஸ்ட்ரா என்ற அந்தச் சொல்லைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, கல்லூரி ஆண்டு மலருக்கு உகந்ததல்ல என்று திரும்பி வந்திருந்தது. அதைப் படித்த ஒரே வாசகனும் அவன்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டு எங்கலே?" என்று கேட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணப் போய்விட்டான். பதில் என்னிடம் தயாராக இருந்தது.

எங்கள் மாரியம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில், மத்தியானமே மேடைக்கு முன்னால் பாயை விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கல்லை யாரும் தொட மாட்டார்கள். ஆள் இருந்தால்தான் பேச்சுக் கொடுத்தே நகர்த்துவார்கள். நான் கல் வைக்காமல் பாயிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். வேறு வேலை இல்லை.

மில் ஷிப்ட் முடிந்து, பக்கத்துத் தெரு பிச்சையம்மாள் விரித்து உட்கார யூரியா சாக்கோடு வந்து நின்றாள்.

"ஏலே, ஒத்த ஆளுக்கு எம்புட்டுப் பாய்? செத்த நகரு."

"ஆள் வருதுக்கா. அதுபோக, ஆர்கெஸ்ட்ராங்கிறதே இந்தத் தரைதான். கிரேக்க நாட்டுல மேடைக்கு முன்னால ஆடுறதுக்கு விட்ட இடத்துக்குத்தான் அந்தப் பேரு. உக்காரக் கூடாது."

"அப்ப நீ எந்திரிச்சு ஆடு. நான் உக்காந்துக்கிடுதேன்."

பாயை ஒரு முழம் மடித்தேன்.

ஐந்தரைக்கு விழாக் கமிட்டி சோலைச்சாமி பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தார். "தள்ளு தம்பி. உபயதாரருக்கு நாற்காலி போடணும்."

"ரோமாபுரியிலயும் இதேதான் அண்ணாச்சி. ஆடுற தரையில பெரிய மனுசங்களுக்கு இருக்கை போட்டுட்டு, பேரை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க."

"அங்க கமிட்டி உண்டா?"

"செனட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு."

"அவியளே போட்டிருக்காவ. நான் போட்டா என்ன?"

இன்னொரு முழம். மிச்சம் இரண்டு பேருக்கு மட்டும் காணும்.

மேடையில் மைக் டெஸ்டிங் தொடங்கியது. பிச்சையம்மாள் கடலை உரித்தபடி, "பொறவு அந்தப் பேரு எங்க போச்சு?" என்றாள். நான்கு மாதத்தில் என்னிடம் ஒருவர் தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் கேள்வி.

"இத்தாலி, பிரான்சுப் பக்கம் போச்சு. அந்தத் தரையில வாத்தியக்காரங்களை உக்கார வச்சாங்க. பேரு மெல்ல அவங்க மேல ஏறிக்கிடுச்சு. பொறவு இங்கிலீஷ்காரன்கூடக் கப்பலேறி இங்க வந்துச்சு. இப்ப மேடையில நிக்கிறவங்களுக்குத்தான் அந்தப் பேரு. தரைக்குப் பேரே இல்ல."

"பாவம்" என்றாள். தரையைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஏழு மணிக்கு டியூப்லைட்டுகள் எரிந்தன. 'உபயம்: ஆவுடையப்பன், ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று ஒவ்வொன்றிலும் கறுப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. பெயர் போக மிஞ்சிய வெளிச்சத்தில் காசிராஜன் தெரிந்தான். ஆவுடையப்பன் அவன் மாமனார். அவர் பக்கத்து நாற்காலியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கை தூக்கினான்.

"ஏலே, எனக்கு இடம் கிடைச்சிருச்சு!"

சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன். திரும்பிக்கொண்டான்.

"அவன்தானா நீ சொன்ன ஆளு?"

"ஆமாக்கா."

முதல் பாட்டு தொடங்கியது. நான் எழுந்துபோய், மேடை ஓரம் கிடந்த கல் ஒன்றை எடுத்து வந்து, காசிராஜனுக்கு விட்டிருந்த பாதியில் வைத்தேன்.

"இப்ப எதுக்குலே கல்லு?"

"இருக்கட்டும்க்கா."

கூட்டம் நெருக்கியது. கடைசிப் பாட்டு வரை அந்தக் கல்லை யாரும் தொடவில்லை.