கண்ணிமைப் பொன்

விடியற்காலையில் பத்மதீர்த்தக் குளத்து வெளிச்சம் ஜன்னல் வழியாக ஏறி வந்து நாகேஸ்வரனின் முகத்தில் அசையும். அந்த நேரம் வாலாம்பாள் எழுந்துவிடுவாள். ஆனால் அடுப்பு மூட்டப் போகாமல், தூங்கும் கணவனைப் பார்த்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருப்பாள். அவனுடைய இமைகளில், மூக்கை ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சிறு திட்டுகள். வெளிச்சம் படும்போது அவை மினுங்குவதாக அவளுக்குத் தோன்றும். மினுங்கினவோ இல்லையோ, அவள் மனசு மினுங்கியது.

முப்பது வயதுக்கு மேல் வந்த திட்டுகள் அவை. வந்த வருஷமே, சர்க்கார் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் அவனுக்கு உத்தியோக உயர்வும் வந்தது. "கண்ணிலேயே லக்ஷ்மி வந்து உக்காந்துட்டா" என்று கோட்டைக்குள் தெருவே சொல்லிற்று. தெரு தீர்ப்புச் சொன்ன பிறகு அப்பீல் ஏது?

அந்த வீட்டு ஆண்களுக்குப் பகவான் இரண்டு வரம் கொடுத்திருப்பதாகப் பேச்சு. ஒன்று இந்த இமைப் பொன். மற்றொன்று அநாயாச மரணம். அதாவது, படுக்கையில் கிடந்து இழுபடாமல் சட்டென்று போய்ச் சேர்வது. நாகேஸ்வரனின் அப்பா சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா சித்திரை விஷுவன்று விடியலில் கனி கண்டுவிட்டு, சிரித்த முகத்தோடு சுவரில் சாய்ந்தார். இரண்டு பேருக்கும் இமையில் பொன் இருந்தது. இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டவில்லை. "என்ன புண்ணியம் பண்ணினாரோ, ஒரு நொடி கஷ்டப்படலை" என்று மாமியார் லலிதாம்பாள் சொல்லும்போது குரலில் பெருமை வழியும். போன வயதை யோசித்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் படித்தவர்கள் நிறைந்த தெரு அது.

யுத்தம் தொடங்கிய அந்த வருஷம், கோவில் படி ஏறும்போது நாகேஸ்வரன் பாதியில் நிற்கத் தொடங்கினான். கை தானாக மார்புக்குப் போகும், நெற்றி வேர்க்கும். "வாயுவாக்கும். ஸாரமில்லை, தானே சரியாப் போயிடும். அம்மாகிட்டச் சொல்லிடாதே" என்பான். மகன் வாடியிருப்பதைக் கண்ட லலிதாம்பாள் பருப்பு மறையும்படி நெய்யை ஊற்றினாள். வாலாம்பாள் வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது அவளுக்கு ஒரு கனவு வந்தது. அவன் இமையிலிருந்து பொன் துகள் துகளாக அவள் உள்ளங்கையில் உதிர்கிறது. கை நிறைய ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். அவன் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் மகள் விஜயலக்ஷ்மிக்குக் காய்ச்சல். பார்க்க வந்த லேடி டாக்டர் ரத்னாபாய் நாகர்கோவில் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், வழியனுப்ப வந்த நாகேஸ்வரனின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சாமிக்கு நடக்கும்போ நெஞ்சுல வலி உண்டுமா?"

வாலாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மூச்சுவிடாத ரகசியம் இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"உண்டு" என்றாள் அவளே. நாகேஸ்வரன் முறைத்தான்.

"இமையில இருக்கது கொழுப்பாக்கும். ரத்தத்துல கொழுப்பு ஒருபாடு மிஞ்சினா, சில ஆளுகளுக்கு இப்படி வெளியில தெரியும். அதே கொழுப்பு நெஞ்சுக்கு ரத்தம் போற குழாயிலயும் படியும். குழாய் அடைஞ்சா நெஞ்சு நின்னுபோகும். இது குடும்பத்துல வழிவழியா வரும். இந்த வீட்டுல யாரும் சின்ன வயசுல பெட்டென்னு போனதுண்டா?"

லலிதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு மருந்து?" என்று வாலாம்பாள் கேட்டாள்.

"அடியோட தீர்க்க இப்போ மருந்து இல்ல. நெய், வெண்ணெய், தேங்காய் எல்லாம் குறைக்கணும். பொகையிலை உண்டுன்னா அதை விடணும். ஆசுபத்திரிக்கு வந்து நெஞ்சைக் காட்டணும். சூட்சிச்சு, கவனமா இருந்தா நாளைக் கூட்டலாம். இந்தப் பிள்ளையையும் கொண்டுவாங்க. அதுக்கும் இருக்கலாம்."

டாக்டர் போனதும் நாகேஸ்வரன் சிரித்தான். "லக்ஷ்மியைப் போய்க் கொழுப்புங்கறா. அப்படியே இருந்தாத்தான் என்ன? அப்பா மாதிரி அநாயாசமாப் போனா, அது பாக்கியமாக்கும்."

"உங்களுக்கு அநாயாசம்" என்றாள் வாலாம்பாள். "எனக்கு?"

சொன்ன பிறகுதான் மாமியார் நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் முன்னால் வாலாம்பாள் இப்படிப் பேசியதே இல்லை.

லலிதாம்பாள் மெதுவாக வந்து மகன் எதிரில் நின்றாள். தலையை மூடியிருந்த புடவையைப் பின்னால் தள்ளினாள். வயதுவந்த மகன் முன்னால் அவள் அப்படி நின்றதே கிடையாது. மழித்த தலையில் வெள்ளை முள்ளாக மயிர் முளைத்திருந்தது.

"நன்னாப் பாருடா. அவர் போனப்போ இடுப்புக்குக் கீழே தொங்கும் என் பின்னல். பத்தாம் நாள் நாவிதன் முன்னாடி கொண்டுபோய் உக்காத்தி வெச்சா. அவர் ஒரு நொடியிலே போயிட்டார். நான் அன்னிலேர்ந்து போயிண்டே இருக்கேன்."

நாகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"புண்ணியச் சாவுன்னு ஊரெல்லாம் சொல்லித்து. நானும் சொல்லிண்டேன். சொல்லாட்டா எனக்குப் பிடிச்சுக்க வேறென்ன இருந்தது?" வாலாம்பாள் ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலம்பற ஆசுபத்திரிக்குப் போறேன்மா" என்றான் அவன்.

"நீ மாத்திரம் போனாப் போறாது. காய்ச்சல் விட்டதும் விஜயத்தையும் கூட்டிண்டு போ. நாற்பது வயசிலே வரது நல்ல சாவு இல்லைடா, வியாதி. வியாதியை வரம்னு கொண்டாடற வீட்டிலே, அப்பனுக்கு அப்புறம் பிள்ளைன்னு அது ஒவ்வொருத்தரா வாங்கிண்டுதான் போகும்."