கொதிநீரில் ஒரு கெம்பு அட்டிகை

உலகம் தோன்றிய நானூற்றைம்பது கோடி ஆண்டுகளில் எந்தக் கல்லும் எந்த மனிதனையும் அழகாக்கியதில்லை என்பது கீழ்பென்னாத்தூர் அன்பரசனின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. நிலவியல் மூன்றாம் ஆண்டு படிப்பதால், கல்லைப் பற்றிப் பேசும் உரிமை ஊரில் தனக்கு மட்டுமே உண்டு என்று அவன் நம்பினான். கல்லூரி அறிவிப்புப் பலகையில் மாதம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் ஒரு ராசிபலன் ஒட்டுவான். மேஷத்துக்கு அதிர்ஷ்டக் கல் முக்கால் இஞ்ச் ஜல்லி. ரிஷபத்துக்கு அம்மிக்கல், வலது கை மோதிர விரலில் அணியவும். கன்னி ராசிக்காரர்களுக்கு இந்த மாதம் சிறுநீரகத்தில் தானாகவே அமையும், கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒட்டுவது யார் என்று முதல்வர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவன் இருக்கும் வீட்டுக்குத்தான் அவன் அக்கா அன்புச்செல்வி ஒரு கெம்பு அட்டிகையைக் கொண்டுவந்தாள்.

அவள் வேலூரில் நர்ஸ். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். காசுமாலைதான் போட வேண்டும் என்று சொந்தபந்தம் மொத்தமும் ஒரே குரலில் சொன்னபோது, "எல்லாரும்தான் மஞ்சளா மின்னிக்கினு நிக்கிறாங்க. எனக்குக் கலர் வேணும்" என்று முடித்துவிட்டாள். நாலு மாதமாக, லீவு கிடைத்த நாளெல்லாம் திருவண்ணாமலைக்குப் போய், ஒவ்வொரு கல்லையும் தானே பார்த்தெடுத்துச் செய்யவைத்த அட்டிகை அது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. நடுவில் ஒரு சிவப்புப் பூ, இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக இலைகள்.

அதை அவள் பார்த்துக்கொண்ட விதம்தான் அன்பரசனுக்குத் தாங்கவில்லை. செண்ட் அடித்து, அது காய்ந்த பிறகுதான் அட்டிகை. கழற்றியதும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். டப்பாவில் பஞ்சு பரப்பிப் படுக்க வைப்பாள். தண்ணீர்க் குடத்துக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு அறை இடைவெளி.

"இன்னாக்கா, ஐசியூ பேஷண்ட் எப்படி இருக்காரு? மூச்சு வருதா?"

"கைய வெச்சன்னா நீதான்டா ஐசியூல இருப்ப. அங்க எனக்கு ஆள் தெரியும்."

"சிவப்புக் கல்லுன்றது இன்னா தெரியுமா? அலுமினியம் ஆக்சைடு. நம்ம வூட்டு இட்லிப் பானையும் அலுமினியம்தான். அத மாட்டிக்கினு வருவியா நிச்சயத்துக்கு?"

"உன் நிச்சயத்துக்குக் கண்டிப்பா மாட்டிக்கினு வரேன். பொண்ணு கிடைச்சா சொல்லு."

புதன்கிழமை அவள் வேலூருக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். போட்டுப் பார்த்தபோது பட்ட குங்குமம் பூவின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "வந்து நான் பாத்துக்கிறேன், நீ தொடாத" என்று மூன்று தடவை சொன்னாள். இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

பூமிக்கடியில் எண்ணூறு டிகிரியில் வெந்து வந்த கல், ஒரு சட்டி வெந்நீருக்கா பயப்படும்? அக்காவுக்கு உதவி செய்த மாதிரியும் ஆயிற்று, அறிவியல் கற்பித்த மாதிரியும் ஆயிற்று. வியாழக்கிழமை காலை வேலையில் இறங்கினான்: துணி துவைக்கும் சோப்புத் தூள் ஒரு ஸ்பூன், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், பத்து நிமிஷம்.

அவன் சொன்னது சரிதான் என்பதை முதலில் பதிவு செய்துவிட வேண்டும். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு ஜிகினாத் தாளை வைத்து, இரண்டையும் அரக்கில் உட்கார வைத்திருப்பார்கள் என்கிற சின்ன விஷயம் மட்டும் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இல்லை. அரக்கு இளகியது. தாள் கறுத்தது. மூன்று கல் கழன்றன. பதற்றத்தில் தண்ணீரைப் பின்வாசல் சாக்கடையில் கொட்டினான். சிவப்பு இரண்டும் சட்டியிலேயே தங்கின. பச்சை தண்ணீரோடு போய்விட்டது. குச்சியால் அரை மணி நேரம் கிளறியதில் ஒரு பேனா மூடியும், ஐந்தாம் வகுப்பில் தொலைத்த பம்பரமும் கிடைத்தன.

பம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அட்டிகையைப் பார்த்தான். பூவுக்கு வலது பக்கம் மூன்று குழி. அக்கா அதைக் கழுத்தில் வைத்து, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நிச்சயத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. திருவண்ணாமலைக்கு உள்ளே பஸ் விடவில்லை; ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். மலையைச் சுற்ற வந்த ஜனம் ஒரு பக்கம் போக, அன்பரசன் டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான். "தம்பி, கிரிவலம் இந்தப் பக்கம்" என்று ஏழெட்டுப் பேர் அக்கறையாகத் திருத்தினார்கள்.

டப்பா மூடியில் இருந்த முகவரி, சின்னக்கடைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கல் பதிக்கும் ரேணுகாம்பாளின் கடை. நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் ஏதோ நடனப் பள்ளிக்கு இருபது நெற்றிச்சுட்டி அனுப்ப வேண்டும் என்று போனில் ஒருவரை விரட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்தவர், போனை வைத்துவிட்டார்.

"இது நான் பதிச்சதாச்சே. அன்புச்செல்விது. ஒரு பச்சைக்காக நாலு வாட்டி வந்துச்சு அந்தப் பொண்ணு. யாரு நீ?"

"தம்பி."

"தண்ணில போட்டியா?"

"லேசா ஈரம்..."

ரேணுகாம்பாள் அட்டிகையை மூக்கருகே கொண்டுபோனார். "சோப்புத் தூள் வாசனை வருது."

அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"சுடுதண்ணி வேற?"

"கல்லு தாங்கும்க்கா. அடிப்படையில அது வந்து..."

"இன்னா படிக்கிற?"

"நிலவியல்."

"அப்டின்னா?"

"கல்ல பத்தி."

ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. மூன்று குழியிலும் கறுத்துப்போயிருந்த தாளை இடுக்கியால் உரித்துப் போட்டுவிட்டு, ஒரு தட்டில் பச்சைக் கல்லாகக் கொட்டினார். முப்பது இருக்கும்.

"சிவப்பு ரெண்டும் கீது, பிரச்சனை இல்ல. பச்சை தேடணும். உங்க அக்கா இன்னா கலரு?"

"என் கலருதான். எல்லாரும் சொல்லுவாங்க."

"அப்ப மாட்டு."

"இன்னாது?"

"தட்டுல பாத்தா ஒரு கலரு, தோலுல பாத்தா வேற கலரு. கழுத்துல வெச்சு, வெயில்ல நிக்க வெச்சுத்தான் நான் கல்லு எடுப்பேன். உங்க அக்காவும் அந்தப் படியிலதான் நின்னுச்சு. மணி ரெண்டரை ஆவுது. வெயிலு மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டா, அப்புறம் நாளைக்குத்தான். நாளைக்கு நான் கடை தொறக்க மாட்டேன்."

அன்பரசன் சட்டைக் காலரை மடித்துவிட்டான். ரேணுகாம்பாள் சிவப்பு இரண்டையும் ஒரு பச்சையையும் குழிகளில் மெழுகால் ஒட்டி, பின்கழுத்தில் கயிற்றைக் கட்டி, கடைப் படியில் அவனை நிறுத்தினார். அரும்பு மீசை, கட்டம் போட்ட சட்டை, கெம்பு அட்டிகை. பௌர்ணமி ஜனம் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"நெஞ்ச நிமித்து. கல்லு தரையவா பாக்கும்?"

நிமிர்த்தினான். ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள் நின்று, அட்டிகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம்; எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. விசாரித்துவிட்டு இதேபோல் ஒன்று வேண்டும் என்று தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார். "டெய்லி வாயேன் தம்பி" என்றார் ரேணுகாம்பாள், இரண்டாவது பச்சையை ஒட்டிக்கொண்டே.

மூன்றாவது கல்லின்போது கோபி வந்தான். உடன் படிப்பவன். கையில் இரண்டு அன்னதானப் பொட்டலம் இருந்தது. படிக்கு எதிரே நின்று, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினான்.

"மச்சான். நீயா?"

"போடா."

"கட்டாயப்படுத்தறாங்களா? போலீஸ கூப்புடட்டுமா?"

"அக்காதுடா. ரிப்பேரு. போட்டோ எடுத்தன்னா கொன்னுடுவேன்."

"கை சாம்பாரா கீது. இல்லனா எடுத்திருப்பேன்." கோபி கொஞ்சம் பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஆனா நிஜமா சொல்றேன் மச்சான், பச்சை உனக்கு நல்லா எடுக்குது."

"இது எடுக்கலடா" என்றான் அன்பரசன். கடைக் கண்ணாடிக் கதவில் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீலம் ஓடுது. சிவப்புக்குப் பக்கத்துல வெச்சா சிவப்பு செத்துப்போவுது. அக்கா, இது வேணாம், அந்த ஓரத்துல கீதே, அத வைங்க."

ரேணுகாம்பாள் மறுபேச்சில்லாமல் அதை எடுத்து வைத்தார். அது கொஞ்சம் இருட்டு. அடுத்தது ரொம்பத் தெளிவு; கல்லுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி வெறிச்சென்று இருந்தது. அடுத்தடுத்து ஐந்தைத் தள்ளினான். நிழல் எதிர்ச்சுவரில் பாதி ஏறியிருந்தது. கோபி இரண்டாவது பொட்டலத்தையும் முடித்துவிட்டான். பதினோராவதாக வைத்த கல், மழை பெய்த மறுநாள் நெல் வயலைப் போல உள்ளுக்குள் கொஞ்சம் மஞ்சளோடு இருந்தது. அது வந்ததும் பக்கத்துச் சிவப்பு, யாரோ திரியைத் தூண்டிவிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தது.

கோபி பொட்டலத் தாளைக் கசக்கியபடி கிட்டே வந்து பார்த்தான்.

"அசல் கல்லவிட இதுல மஞ்சள் ஜாஸ்தி" என்றார் ரேணுகாம்பாள். "உங்க அக்கா கண்டுபுடிச்சிடும்."

"தெரியும். ஆனா இதுதான்."

ஆறு மணிக்குப் புதுத் தாளும் புது அரக்குமாக அட்டிகை கைக்கு வந்தது. அரக்கு இறுக வேண்டும், காலை வரை அசைக்காதே என்றார் ரேணுகாம்பாள். கிரிவல ஜனத்தின் நடுவே அவன் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக ஏந்தி நடந்துபோனதைப் பார்த்து, ஏதோ பிரசாதம் என்று நினைத்து இரண்டு பேர் வழிவிட்டார்கள். ஒருவர் கை நீட்டினார்.

சனிக்கிழமை வந்ததிலிருந்து சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டதில் டப்பாவைத் திறக்க அக்காவுக்கு நேரமில்லை. ஞாயிறு காலை, பட்டுப்புடவை கட்டி, செண்ட் காயும்வரை காத்திருந்து, அன்புச்செல்வி அட்டிகையைக் கழுத்தில் வைத்தாள். அன்பரசன் கதவோரம் நின்றான். மூன்று பொய்கள் தயாராக இருந்தன. மூன்றிலும் பூனை வந்தது.

அவள் கை பாதியில் நின்றது.

"டேய். இந்தப் பச்சை என்னுது இல்ல."

அறையில் வேறு யாரும் இல்லை. பூனையும் கைவிட்டது. "வெந்நீர்ல போட்டுட்டேன்க்கா" என்றான். சாக்கடையையும் படியையும் கழுத்தையும் பதினோரு கல்லையும் சொன்னான். அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நாலு மாசம் தேடினேன்டா நான். அந்த எடத்துக்கு மட்டும் சரியாவே வரல. போதும்னு வுட்டுட்டேன்." கழுத்தைத் தொட்டாள். "இத நீயா எடுத்த?"

"கோபியும் இருந்தான்."

"கழுத்துல மாட்டிக்கினு, ரோட்ல நின்னியா? பௌர்ணமி அன்னிக்கு?"

"கொஞ்ச நேரம்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் புடவையில் பின் குத்திய மடிப்பு ஒன்று கழன்று, அதை மறுபடி குத்த ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்த பிறகும், தட்டு மாற்றும்போதுகூட, தம்பியைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் தோள் குலுங்கியது. பொண்ணு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே என்று மாமியாருக்கு மனசு நிறைந்துவிட்டது. காசுமாலை கேட்ட அத்தைகள் எல்லோரும் அட்டிகையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, எங்கே செய்தது என்று கேட்டார்கள். "என் தம்பியக் கேளுங்க, அவன்தான் கல்லு பாப்பான்" என்று அவள் எல்லோரையும் அவனிடம் அனுப்பினாள். ஒரு அத்தை, தன் கைக்குச் சிவப்பா பச்சையா என்று கேட்டு, கையை நீட்டியபடி பத்து நிமிஷம் நின்றார்.

மூன்று மணிக்குப் பந்தியெல்லாம் முடிந்தது. அன்புச்செல்வி அட்டிகையைக் கழற்றி அவனிடம் கொடுத்து, "நீயே பாத்துக்க. தண்டனை" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு போட்டோ எடுக்கப் போனாள்.

அன்பரசன் உள்ளறையில் உட்கார்ந்தான். பழைய வேட்டித் துணியால் வியர்வையை ஒற்றினான், தேய்க்கவில்லை. பூவின் இடுக்கில் இருந்த சந்தனத்தைக் காய்ந்த பஞ்சால் எடுத்தான். எட்டிப்பார்த்த ஒரு சித்தி மகள் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. "அங்கயே நில்லு" என்றான்.

டப்பாவில் பஞ்சைப் பரப்பி, அட்டிகையைப் படுக்க வைக்கக் குனிந்தான். வாசலில் எல்லோரும் போட்டோவுக்குச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவைக் காலால் மெல்லத் தள்ளிச் சாத்தினான். கண்ணாடி முன் நின்று, காலரை மடித்துவிட்டு, அட்டிகையைக் கழுத்தில் வைத்து, வெயில் விழும் பக்கமாக ஓரடி நகர்ந்து, நெஞ்சை நிமிர்த்தினான்.